நண்பர்கள் திறந்துவைத்த ஆஸ்பத்திரி

வெரோலினின் குரலைப் பற்றி ஃபானாலுவா கிராமத்தில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். காயலின் இந்தக் கரையில் நின்று அவள் ஒரு சத்தம் போட்டால், அந்தப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன் ஃபெஸ்டஸ் தலையைத் தூக்கிப் பார்ப்பான். "போடா, உத்தரவு வந்திருச்சு" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். படகுத்துறைச் சந்தையில் பொரித்த மீனும் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விற்பதுதான் அவள் பிழைப்பு. தலைநகரமான ஹொனியாராவிலிருந்து கப்பல் வந்து ஒதுங்கும்போது எல்லாரும் ஒன்றாகக் கூவுவார்கள். அந்த இரைச்சலில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்.

அந்தக் குரல் அடங்கிக் கிடந்த ஒரு காலமும் உண்டு. தங்கை மர்லா செத்த வருஷம் அது. பிரசவ வலி கண்டு இரண்டாம் நாள் அவளைப் படகில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரி அடுத்த தீவில். பவளப்பாறையின் இடையே படகு வெளியேறும் பாறைவாயைத் தாண்டியதுமே கடல் புரட்டி எடுத்தது. ஃபெஸ்டஸ் என்ஜினோடு மல்லுக்கட்ட, வெரோலின் மடியில் தலை வைத்தபடியே மர்லா போய்விட்டாள். குழந்தையும் போயிற்று. ஃபானாலுவாவில் ஆஸ்பத்திரி கட்டுகிறேன் என்று தொகுதி எம்பி ஜோசாயா மேபுரு அதற்கு முந்தைய தேர்தலிலேயே கல் நாட்டிவிட்டுப் போயிருந்தார். அதன்மேல் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. தங்கையைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் வெரோலின் அந்தக் கல்லை எட்டி உதைத்தாள். "கல்லுக்கு ஒண்ணும் ஆகல, என் விரல் நகம்தான் பேந்துச்சு" என்று பிற்பாடு சொல்வாள். சொல்லும்போது சிரிக்கமாட்டாள்.

மெரெடித் என்ற வெள்ளைக்காரப் பெண் சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வானொலியில் எப்போதும் "நமது பழைய நண்பர்" என்று சொல்வார்களே, அந்தத் தெற்கத்தி நாட்டிலிருந்து வந்தவள். மக்களாட்சியை வளர்க்கும் ஓர் அமைப்பில் வேலை. தீவுகளில் எல்லாரும் பேசும் பிஜின் மொழியை நன்றாகவே பேசினாள். கிழங்கு வாங்கித் தின்றுகொண்டே வெரோலின் கூவுவதை வெகுநேரம் கவனித்தாள்.

"இந்தக் குரலை வெச்சுக்கிட்டு மீன் மட்டுமா விப்பீங்க?" என்று கேட்டாள்.

"வேற என்னத்த விக்கச் சொல்றீங்க?"

"விக்க வேண்டாம். சனங்களுக்குச் சொல்லிக் குடுங்க. ஓட்டுன்னா என்ன, தலைவர்கிட்ட எப்படிக் கேள்வி கேக்கறது, அதை."

தலைநகரத்து ஹோட்டல் ஒன்றில் பயிற்சி நடந்தது. ஏசி குளிரில் பெண்களெல்லாம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெரிய பெரிய தாள்கள் ஒட்டியிருந்தன. வெரோலினுக்கு அதில் பாதி புரியவில்லை, பாதி ஏற்கனவே தெரிந்ததாக இருந்தது. ஆனால் மெரெடித் ஒரு நாள் சொன்ன வார்த்தை அவளுக்குள் ஆணி அடித்ததுபோல் இறங்கியது. "எம்பி உங்களுக்கு எஜமான் இல்ல. நீங்க வேலைக்கு வெச்ச ஆளு. வேலை நடக்கலேன்னா கேளுங்க. பயப்படாம கேளுங்க. நீங்க கேட்டா உலகம் உங்க பின்னாடி நிக்கும்."

உலகம் பின்னால் நிற்கும் என்றதை வெரோலின் அப்படியே நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? அதுவரை அவள் பின்னால் யாரும் நின்றதில்லை.

அமைப்பின் சின்னம் போட்ட நீல டி-சர்ட்டோடு ஊர் திரும்பியவள், பக்கத்து வீட்டு நெஸ்டாவைச் சேர்த்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனாள். இரண்டு பேரும் ஒரு நாடகம் போட்டார்கள். வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு வெரோலின்தான் எம்பி.

"அம்மா! எப்படி இருக்கீங்க? உங்கள நான் மறப்பேனா? என் சொந்த அம்மா மாதிரியில்ல! ஆமா, உங்க பேரு என்ன?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். நெஸ்டா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைப்பாள்.

"நாலு வருஷமா எங்கய்யா போனீங்க?"

"நாட்டுக்காக உழைச்சிட்டு இருந்தேன்மா."

"எந்த நாட்டுக்கு?"

இந்த இடத்தில்தான் கிழவர்கள்கூட வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுக் கைதட்டுவார்கள். ஏனென்றால் மேபுருவுக்கு அப்போது புதிய சிநேகிதம் ஒன்று வாய்த்திருந்தது. வடக்கே இருந்து வந்த இன்னொரு பெரிய நாடு. வானொலி அதை "நமது புதிய நண்பர்" என்றது. புதிய நண்பருக்கு ஃபானாலுவாவின் ஆழமான பாறைவாயில் ஒரு கப்பல்துறை வேண்டும். அவர் கட்டிவிடக் கூடாதே என்று பழைய நண்பருக்குக் கவலை. நடுவில் உட்கார்ந்து மேபுரு இரண்டு பக்கமும் சாப்பிட்டார். தகரம், சோலார் விளக்கு, படகு என்ஜின் எல்லாம் அவர் கை வழியாகத்தான் வரும். வாக்காளர் அட்டையை அவருடைய ஆட்களிடம் கொடுத்துவைக்கிற வீட்டுக்குத்தான் அவை போகும். பத்திரமாக வைத்திருந்து தேர்தல் அன்று திருப்பித் தருவார்களாம்.

அந்த ஆட்களில் முதல் ஆள் ஹட்சன், ஃபெஸ்டஸின் தம்பி. ஒருநாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, தலகாணியைக் கட்டிக்கிட்டு ஆடினது போதும். ஐயா காதுக்குப் போயிருச்சு."

"போகணும்னுதான் சத்தமா ஆடுறேன்."

"அண்ணனுக்குப் புது என்ஜின் வரவேண்டியது. உங்களாலதான் நிக்குது."

வெரோலின் புருஷனைப் பார்த்தாள். ஃபெஸ்டஸ் வலையைக் கோத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: "பழைய என்ஜினே ஓடுதுடா. நீ போ." அவன் அவ்வளவுதான் பேசுவான். அன்று அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மேபுரு சோலார் விளக்கு கொடுக்க வந்த நாளில், தேவாலயத் திடலில் ஊரே கூடியிருந்தது. வெரோலின் எழுந்து நின்றாள்.

"ஐயா, விளக்கு சரி. ஆஸ்பத்திரி எங்க?"

அவர் பெரிதாகச் சிரித்தார். "வரும்மா, வரும். நமக்கு ரெண்டு நண்பர்கள் இருக்காங்க. ஒருத்தர் இல்லேன்னா இன்னொருத்தர் கட்டிக் குடுப்பார்."

"அவங்க உங்களுக்கு நண்பர்கள். சரி. நாங்க உங்களுக்கு யாரு?"

மேபுருவின் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. "நீ யார் காசுல பேசுறேன்னு எனக்குத் தெரியும். உன் சட்டையிலயே போட்டிருக்கு" என்றார்.

சில நாளில் உத்தரவு ஒன்று வந்தது. அனுமதி இல்லாமல் யாரும் மக்களைக் கூட்டிப் பாடம் நடத்தக் கூடாது. அனுமதி கேட்டு நெஸ்டா நடையாய் நடந்தாள், கிடைக்கவில்லை. "கேள்வி கேக்கறதுக்கு எவன்கிட்ட அனுமதி கேக்கறது?" என்று சொல்லிவிட்டு வெரோலின் சந்தைக் கொட்டகையிலேயே நாடகத்தைப் போட்டாள். பாதி நாடகத்தில் போலீஸ் படகு வந்தது. இறங்கிய சார்ஜென்ட் எலியாப் அவளுடைய சித்தி மகன்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. மேலேருந்து உத்தரவு."

வயிற்றுத் தலையணையை அவிழ்க்காமலே அவள் கேட்டாள். "இந்த பூட்ஸ் யாரு குடுத்தது?"

"பழைய நண்பர்."

"படகு?"

"புதிய நண்பர்."

"உன்ன வளத்தது?"

"அக்கா…"

"சொல்லுடா. உங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப உனக்கு மீனும் கிழங்கும் யாரு குடுத்தது? அவங்க யாராவது வந்து குடுத்தாங்களா?"

எலியாப் அவள் கையைப் பிடித்துப் படகில் ஏற்றினான். வெளிநாட்டுக் காசு வாங்கி அமைதியைக் கெடுத்தாள் என்று குற்றச்சாட்டு. தகரக் கூரைக் கொட்டடியில், குடிகாரர்களைப் போடும் அறையில், சிறுநீர் நாற்றத்தில் அவளை வைத்திருந்தார்கள். அவள் பயப்படவில்லை. மெரெடித் வருவாள். உலகம் வரும். ஃபெஸ்டஸ் தன் போனைக் கொண்டுவந்து கம்பி வழியாகக் கொடுத்தான். நாலைந்து தடவை அடித்த பிறகு மெரெடித் எடுத்தாள்.

"வெரோலின், உங்க நிலைமைய நாங்க ரொம்ப அக்கறையோட கவனிச்சுக்கிட்டு இருக்கோம்."

"கவனிக்கிறதுன்னா? வரீங்களா?"

"இப்ப கொஞ்சம் நுணுக்கமான நேரம். அரசாங்கத்தோட ஒரு பெரிய பேச்சுவார்த்தை நடக்குது. நாங்க வெளிப்படையா பேசினா அவங்க அந்தப் பக்கம் போயிடுவாங்க."

"எந்தப் பக்கம்?"

மெரெடித் பேச்சை மாற்றினாள். "இன்னொரு விஷயம். கொஞ்ச நாளைக்கு எங்க டி-சர்ட்ட போடாம இருந்தா பாதுகாப்பா இருக்கும்."

"எனக்கா, உங்களுக்கா?"

எதிர்முனையில் யாரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. மெரெடித் அவசரமாக விடைபெற்றாள். வெரோலின் போனைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுச் சுவரில் ஓங்கி அடித்தாள். கை வீங்கிவிட்டது. "நம்ம ஆளு அடிச்சா வலிக்கும். அது பழகிப்போச்சு. தோள்ல கை போட்டு முன்னால தள்ளி விட்டுட்டுப் பின்னால நகந்துக்கறான் பாரு, அவனத்தான் என்னால தாங்க முடியல" என்றாள் ஃபெஸ்டஸிடம். அந்த நாடு அத்தனை பெரிசு, இந்தத் தொகுதி கையளவு. பாறைவாய் ஒன்று இல்லாவிட்டால் ஃபானாலுவா என்ற பெயரை அவர்கள் காதால் கேட்டிருக்கமாட்டார்கள். மக்களாட்சி என்று அவர்கள் சொன்னதெல்லாம் அந்தப் பாறைவாயைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தானா? அந்தக் கேள்வி அவளைக் கொட்டடியில் தூங்கவிடவில்லை.

வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். அவள் வெளியே வந்தபோது ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பழைய நண்பர் கட்டுகிறாராம். கப்பல்துறை புதிய நண்பருக்குப் போகாமலிருக்க மேபுருவுக்குக் கொடுத்த விலை அது. வெள்ளைச் சுவர், பச்சைத் தகரம், பிரசவ அறை, மருந்து வைக்கக் குளிர்பெட்டி. அழகான கட்டடம். அதை வெறுக்க முடியவில்லை என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

திறப்பு விழாவுக்குப் பழைய நண்பரின் தூதர் வருகிறார், மெரெடித்தும் வருகிறாள் என்று ஹட்சன் வந்து சொன்னான். வெரோலினை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்களாம். அவர்கள் பயிற்சி கொடுத்த பெண் என்று படம் எடுக்க வேண்டுமாம். டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் நல்லதாம்.

"இப்ப போடலாமா? நல்லது" என்றாள் வெரோலின்.

நெஸ்டாவுக்கு அந்தத் தொனி பிடிபட்டுவிட்டது. ஹட்சன் போனதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியே, உன் காலப் புடிச்சு கேக்கறேன். அன்னிக்கி மட்டும் வாயத் தொறக்காத. என் மருமக மாசமா இருக்கா. யார் கட்டினா என்ன, எவன் பேர் போட்டா என்ன, ஆஸ்பத்திரி வந்தாச்சுல்ல?"

"மர்லாவுக்கும் சேத்து வந்திருக்கணும்டி."

"மர்லா போயிட்டா. இவ இருக்கா."

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் வெரோலின் விழாவுக்குப் போனாள். டி-சர்ட்டைப் போடவில்லை, தேவாலயத்துக்கு உடுத்துகிற உடையில் போனாள். மூங்கில் குழல் வாசித்தார்கள். தூதருக்கும் மேபுருவுக்கும் ஒரே மாதிரி பூமாலை. கட்டடத்தின் நெற்றியில் பலகை. அதில் மேபுருவின் பெயர் பெரிதாக இருந்தது. தூதர் பேசினார். மேபுருவை "மக்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் தலைவர்" என்றார். மெரெடித் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது. மேடைக்கு யாரும் அழைக்கக்கூட இல்லை, அவளே எழுந்து போய் ஏறிவிட்டாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கட்டடத்துக்கு நன்றி. இதுக்குள்ள எங்க பிள்ளைங்க பொறக்கும். ஆனா ஒண்ணு கேக்கணும். இந்த ஆள்கிட்ட கேள்வி கேளுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க. கேட்டேன். என்னப் புடிச்சு மூத்திர நாத்தத்துல போட்டாங்க. அன்னிக்கி நீங்க எங்க இருந்தீங்க? இவரோட பேரம் பேசிக்கிட்டு இருந்தீங்க!"

மொழிபெயர்க்க நின்றவன் ஹட்சன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். தூதர் முகம் மலர்ந்தது. மெல்லத் தலை வணங்கிக் கைதட்டினார். பின்வரிசையில் ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"என்னடா சொன்ன?" என்று வெரோலின் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"நன்றின்னு சொன்னீங்கல்ல அண்ணி, அதச் சொன்னேன்."

"மிச்சம்?"

"மிச்சம் எனக்கு சரியா வரல."

அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மெரெடித்தின் வகுப்பில் கற்றது. உடைந்த ஆங்கிலம். தூதரின் எதிரில் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். நீங்கள் எனக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தீர்கள். இவர் என்னைச் சிறையில் போட்டார். நீங்கள் இவருக்கு மாலை போடுகிறீர்கள். இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

தூதரின் கை பாதிக் கைதட்டலில் நின்றது. மெரெடித் தரையைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. வெட்கமா பயமா என்று வெரோலினுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. முதலில் சமாளித்துக்கொண்டவர் மேபுருதான். "பாத்தீங்களா, எங்க நாட்டுல பேச்சுரிமை எப்படி இருக்குன்னு!" என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். தூதரும் நன்றியோடு சிரித்தார். குழல் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள்.

தேர்தல் வந்தது. ஃபானாலுவா மேபுருவுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. மற்ற கிராமங்களின் அட்டைகள் அவர் ஆட்களிடம் பத்திரமாக இருந்தன, அவர் ஜெயித்தார். அடுத்த மாதமே ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே நர்ஸை வேறு தீவுக்கு மாற்றினார்கள். அவளுக்குப் பதில் யாரும் வரவில்லை. பிரசவ அறைக்குப் பூட்டு.

நெஸ்டாவின் மருமகள் அந்தப் பூட்டிய கதவுக்கு வெளியே, வராந்தாவின் சிமெண்டுத் தரையில், பட்டப்பகலில் பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ. வெந்நீர் கொண்டு ஓடிவந்த வெரோலினை நெஸ்டா தடுத்தாள்.

"போயிடு. உன் வாயாலதான் நர்ஸ் போனா. நீ மேடை ஏறி ஜெயிச்ச, என் மருமக தரையில கெடந்தா."

வெரோலின் வெந்நீரைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் ஃபெஸ்டஸ் சோறு போட்டு வைத்தும் தொடவில்லை. நெஸ்டா சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் கொன்றது. ஓட்டுப் போட்டதற்காக ஓர் ஊரையே தண்டிக்கிறவன் ஒருவன். தண்டிப்பான் என்று தெரிந்தே அவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன நண்பர் ஒருவர். கடைசியில் பழி ஒரு மீன்காரி தலையில். மூன்றாம் நாள் சந்தையில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"நான் ஹொனியாரா போறேன். மேபுரு வீட்டு வாசல்ல உக்காரப் போறேன். நர்ஸ் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். வர்றவங்க பானையும் பாயும் எடுத்துக்கிட்டு வாங்க. எவன் டி-சர்ட்டும் வேண்டாம், எவன் காசும் வேண்டாம்."

கப்பல் ஏறும்போது பார்த்தால் நெஸ்டா நிற்கிறாள், இடுப்பில் ஒரு பானை. "உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. உன்ன விட அவன் மேலதான் கோவம் அதிகம், அதான் வந்தேன்" என்றாள்.

மேபுருவின் வீடு மேட்டுத் தெருவில். வாசலுக்கு எதிரே பெண்கள் அடுப்பு மூட்டினார்கள். தேங்காய்ப்பாலில் கிழங்கு வெந்தது. உட்கார்ந்தபடியே பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள். இரண்டு நண்பர்களின் தூதரகக் கார்களும் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். பழைய நண்பரின் கார் ஜன்னலை ஏற்றிக்கொண்டு போயிற்று. புதிய நண்பரின் கார் தெருவையே மாற்றிக்கொண்டது. இந்தப் பெண்களுக்குப் பின்னால் வெளிநாட்டுக் கை இருக்கிறது என்று மேபுரு வானொலியில் பேசினார். அதைக் கேட்டு வாசலில் எழுந்த சிரிப்பு வீட்டுக்குள் அவருக்கே கேட்டிருக்கும்.

"வெளிநாட்டுக் கையா? அது எங்கள விட்டு எவ்வளவு நாளாச்சு!" என்று கத்தினாள் நெஸ்டா.

மழை பெய்தது, உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு அனுப்பப்பட்ட போலீஸ்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு கிழங்கு வாங்கித் தின்றார்கள். கடைசியில் மேபுருவின் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்தாள். தேவாலயத்தில் தன்னோடு யாரும் பேசுவதில்லை என்று அவர் மேல் எரிந்து விழுந்ததாகப் பின்னால் தெரிந்தது. அந்த வாரக் கப்பலிலேயே நர்ஸ் திரும்பி வந்தாள். பெட்டியோடு அவள் இறங்கியதைப் பார்த்து வெரோலின் அழவில்லை, கை குலுக்கவுமில்லை. "சாவி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். வந்த நர்ஸை மறுபடி எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வாசலும் இருக்கிறது, பானையும் இருக்கிறது என்று பெண்களிடம் சொல்லிவைத்தாள்.

மெரெடித்தின் அமைப்பை அந்த வருஷமே மூடிவிட்டார்கள். அவர்கள் நாட்டில் அரசாங்கம் மாறியதாம், வெளியூர் மக்களாட்சிக்கு இனி பணமில்லையாம். மெரெடித் நீளமாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள், மன்னிப்பும் கேட்டிருந்தாள். வெரோலின் அதைப் படித்தாள், பதில் போடவில்லை.

சில மாதம் கழித்துச் சந்தைக்கு இன்னொருவன் வந்தான். வேறொரு நாடு, வேறொரு அமைப்பு, நல்ல இஸ்திரி போட்ட சட்டை. அவள் பெயரைக் கேள்விப்பட்டு வந்தானாம். பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்க அவள் உதவ வேண்டுமாம். வெரோலின் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"பயிற்சி இருக்கட்டும் தம்பி. நாளைக்கு என்னப் புடிச்சு உள்ள போட்டா நீங்க வருவீங்களா?"

அவன் அமைப்பின் விதிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எண்ணெய் தெறித்தது. அவள் கரண்டியை நீட்டி அவனை ஓரமாக நகரச் சொன்னாள். பின்னால் மீன் வாங்க ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.